மணல் அடிக்கிற வேலை

எனக்கு வாய் நீளம். பெருமையாகச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். குரோம்பேட்டையில் ஒரு கிளினிக் கவுன்டரில் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு வார்த்தையால் என் வீட்டுக்காரரின் ஆயுளில் ஒரு துண்டு போயிற்று. எவ்வளவு பெரிய துண்டு என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எங்கள் வேலை இன்னதென்று தெரியாமல் அந்த வார்த்தை யாருக்கும் விளங்காது. அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்ணாடிக் கதவுகளில் வெள்ளையாகப் பூவும் கொடியும் குத்துவிளக்கும் பார்த்திருப்பீர்கள். பூஜை அறைக் கதவில், ஹாலுக்கு நடுவே நிற்கும் தடுப்பில், பல் டாக்டர் வாசலில் இருக்கும். நிறையப் பேர் அதைப் பெயின்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயின்ட்டாவது ஒன்றாவது! கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் படம் வரைந்து, கோடு கோடாக பிளேடால் அறுத்து, வெளுக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஸ்டிக்கரை உரித்து, கம்ப்ரெஸர் காற்றில் மணலை வைத்து அடிக்க வேண்டும். மணல் பட்ட இடம் அரிபட்டு வெளுக்கும். ஸ்டிக்கர் காத்த இடம் பளிச்சென்று அப்படியே இருக்கும்.

அது சாதா வேலை. ஆழமாகச் செதுக்குவது வேறு. தாமரை என்றால் முன்னால் நிற்கும் இதழின் ஸ்டிக்கரை மட்டும் முதலில் உரித்து ஆழமாக அடிக்க வேண்டும். பிறகு அதற்குப் பின்னால் இருக்கும் இதழ், அதற்கும் பின்னால் இருப்பது என்று ஒவ்வொன்றாக உரித்து, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மணலைக் குறைக்க வேண்டும். கடைசி இதழுக்கு மணல் தொட்டும் தொடாமலும் போனால் போதும். கண்ணாடியை மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் பூ புடைத்துக்கொண்டு நிற்கும். எங்கே ஆழம், எங்கே லேசு என்பதை ஸ்டிக்கர் சொல்லாது. மணலைப் பீய்ச்சுகிற, துப்பாக்கி மாதிரி இருக்கும் குழாயைப் பிடித்த கைதான் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கண்ணாடி சுடாமல் பச்சையாக இருக்கும்போதே முடித்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் உலைக்கு அனுப்புவோம். அங்கே சுட்டு உறுதியாக்கி வந்த பிறகு அதன்மேல் ஆழமாக மணல் அடித்தால் மொத்தக் கண்ணாடியும் குருணை குருணையாக உதிர்ந்துவிடும்.

வரைவதும் அறுப்பதும் நான். அடிப்பது அவர்.

நான் பல்லாவரத்தில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வேலை பார்த்தவள். பிளேடு பிடித்தால் என் கைக்கு நிதானம் உண்டு, நாக்குக்குத்தான் கிடையாது. அவர் கண்ணாடிக் கடை வண்டியில் ஏற்றி இறக்குகிற ஆளாக எங்கள் தெருவுக்கு வந்தார். கோவளம் பக்கத்துக் குப்பம், மீன்பிடிக் குடும்பம். அண்ணன் படகில் போய்க்கொண்டிருந்தவர். கடலுக்கடியில் பாறையில் வலை மாட்டிக்கொண்டால் முங்கிப் போய் எடுத்துவிடுகிற ஆள் அந்தக் குப்பத்திலேயே இவர்தானாம். படகு ஒன்று, சாப்பிடுகிற வாய் ஆறு என்றானதும் கரையேறி வேலைக்கு வந்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் அவர் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். "மே, நீ எண்ணிக்கினே இரு" என்று சொல்லிவிட்டுக் கடலில் முங்கினார். அறுபது எண்ணினேன். எண்பது. நூறு தாண்டியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூற்று இருபதில் நான் கத்தத் தொடங்கியபோது பத்தடி தள்ளி எழுந்து பல்லைக் காட்டினார். ஓடிப்போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "உன் புருஷன் நெஞ்சு இன்னா நெஞ்சு, பாத்தியா மே!" என்றார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு பிளைவுட் கடைக்குப் பின்னால் தகர ஷெட் எடுத்தோம். ஒரு பக்கம் என் மேஜை. மறு பக்கம் தார்ப்பாய் கட்டி மறைத்த மூலை, அதுதான் மணல் அடிக்கிற இடம். உள்ளே அடித்தால் வெளியே என் டீயின் மேல் ஆடை கட்டுவதுபோல் தூசு படியும். வழித்துப் போட்டுவிட்டுக் குடிப்பேன்.

முகத்துக்குப் போட ஹெல்மெட் ஒன்று இருந்தது. தலையையும் கழுத்தையும் மூடும், கண்ணுக்கு நேராகச் சின்னதாக ஒரு கண்ணாடிச் சாளரம். தெறிக்கிற மணல் அதை மட்டும் விட்டுவைக்குமா? நாலே நாளில் அந்தச் சாளரமும் வெளுத்துப்போகும். பார்டர் அடிக்கிறவனுக்கு அது போதும். இதழின் நுனியில் மணலைக் கரைக்கிறவனுக்குக் கண் தெரிய வேண்டாமா? இரண்டு சாளரம் மாற்றிப் பார்த்தார். மூன்றாவதோடு ஹெல்மெட்டையே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது கடலில் முங்குகிற வழி. தார்ப்பாய்க்கு வெளியே நின்று நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பார். வாயில் துண்டு, கண்ணுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு இதழ் அடிப்பார். வெளியே வந்து மூச்சு விடுவார். மறுபடி ஒரு மூச்சு, இன்னொரு இதழ். "தூசு உள்ள போனாத்தானே மே பேஜாரு? நான்தான் உள்ள மூச்சே வுடறது இல்லியே!" என்பார். பக்கத்து ஷெட்டுகளில் மணல் அடிக்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு மட்டும்தான்பா இது வரும்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்களும் ஹெல்மெட் போட்டதில்லை. துண்டுதான். சாயங்காலம் எல்லா ஷெட்டிலும் ஆளுக்கொரு உருண்டை வெல்லம் தின்பார்கள், தூசு இறங்கிவிடும் என்று. அந்த வெல்ல டப்பாவை எங்கள் ஷெட்டில் தீராமல் பார்த்துக்கொண்டவள் நான்.

நான் நம்பினேன். இல்லை, நம்பினேன் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. எனக்கு அது வசதியாக இருந்தது. ஹெல்மெட் போட்டு அடித்த பூவையும் போடாமல் அடித்த பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்வேன். எனக்கு நல்ல பூ வேண்டியிருந்தது. என் படத்துக்கு உயிர் கொடுப்பது அந்தக் கை என்று தெரியும். அந்தக் கைக்கு மேலே ஒரு மூக்கு இருப்பதை நான் யோசிக்கவில்லை.

அப்படியே பதினாறு வருஷம் ஓடியது.

இருமல் ஆடி மாசத்தில் தொடங்கியது. காற்று மாறினால் சரியாகிவிடும் என்றார். காற்று மாறியது, இருமல் மாறவில்லை. சட்டை தொளதொளத்தது. பிளைவுட் கடையிலிருந்து ஷெட்டுக்கு ஒரு கண்ணாடியைத் தூக்கி வருவதற்குள் நடுவில் ஒரு முறை இறக்கி வைத்தார். அதைப் பார்த்த அன்றே திட்டித் தீர்த்து ஷெட்டைப் பூட்டிக் குரோம்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

வேலையிலிருந்து நேராகப் போனதால் அவர் லுங்கியில் இருந்தார். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைத் தூசு. கவுன்டரில் இருந்த பெண் சீட்டு எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள். அடுத்து அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இவரு என்ன வேலை? கூலியா?" என்றாள். அவள் முகத்தைச் சுளித்தாளா, இல்லை அப்படி எனக்குத் தோன்றியதா, இன்றைக்கு என்னால் சத்தியம் பண்ண முடியாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"ஆர்ட்டிஸ்ட்" என்றேன். "கிளாஸ் ஆர்ட்டிஸ்ட். எழுதுங்க."

எழுதினாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியவில்லை. உள்ளே டாக்டரைப் பார்க்கப் போனபோது லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு போனார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைச் சோதித்தார்கள். சளியில் ஒன்றும் வரவில்லை. ஆனால் படத்தில் மேல் பக்கம் புள்ளி புள்ளியாக இருக்கிறது, எடை குறைந்திருக்கிறது, இருமல் நாள்பட்டது, இது டிபியாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். ஆறு மாச மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலைக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆர்ட்டிஸ்ட்தானே? உட்கார்ந்து வரையிற வேலைதானே? தாராளமா போகலாம். சும்மா இருந்தா மனசு கெட்டுடும்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய் நீளம், வாய் நீளம் என்று என்னை ஊரே சொல்கிறது. வேண்டிய நேரத்தில் அது எங்கே போய்த் தொலைந்தது? சார், இவர் உட்கார்ந்து வரைகிறவர் இல்லை, தார்ப்பாய்க்குள்ளே நின்று மணல் அடிக்கிறவர் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? கவுன்டரில் அவ்வளவு அதட்டலாகச் சொல்லிவிட்டு, அதை உடனே மாற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவரும் பேசவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து வரைகிற ஆள் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஷெட்டில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். "டிபியாம்டா. மாத்திரை துன்னா ஆறு மாசத்துல போயிடுமாம். அது கெடக்கட்டும், எங்க வூட்டம்மா டாக்டர் கைல இன்னா சொல்லிச்சு தெரியுமா? கிளாஸ் ஆர்ட்டிஸ்ட்னு சொல்லிச்சு!" குப்பத்துக்கு போன் போட்டு அண்ணனிடமும் சொன்னார். வியாதியைச் சொல்லிவிட்டு அழப்போகிறார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு அதைச் சொன்னார். பக்கத்து ஷெட்டுக்காரர்கள் அதற்கப்புறம் "ஆர்ட்டிஸ்ட் அண்ணா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கிண்டலாகத் தொடங்கி, கொஞ்ச நாளில் அதுவே பெயராகிவிட்டது. தங்களையும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். ஒருவன் தன் வண்டியில் எழுதியே வைத்துவிட்டான்.

மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை. அந்த விஷயத்தில் நான் ராட்சசி.

அந்த ஆறு மாசத்துக்குள்தான் அஸ்தினாபுரத்து வேலை வந்தது. புது வீடு கட்டிய ஓர் அம்மா, ஹாலுக்கு நடுவில் நிற்கிற தடுப்புக்கு ஆள் உயரத்தில் மூன்று கண்ணாடி, மூன்றிலும் சேர்த்துக் கடல் வேண்டும் என்றார். பூவும் கொடியும் பார்த்துச் சலித்திருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. ராவும் பகலுமாக வரைந்து காட்டினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார், சிரிப்பிலேயே இருமினார்.

"இன்னாமே இது? அலையா, முறுக்கா?"

"யோவ், உனக்குத் தெரிஞ்சா நீ வரையேன்!"

"வரையத் தெரியாது. அடிக்கத் தெரியும்" என்றார். என் கையைப் பிடித்து, அலை எங்கே மடியும், மடிவதற்கு முன்னால் எங்கே கண்ணாடி மாதிரி மெலிந்து வெளிச்சம் விடும், நுரை எங்கே தானாகக் கிழியும் என்று காற்றில் காட்டினார். அந்த மெலிசை ஸ்டிக்கர் வைத்துச் செய்ய முடியாது. கோடே கூடாது. மூன்று கண்ணாடியிலும் அடிவானத்துக்கு மட்டும் நான் ஸ்டிக்கர் ஒட்டினேன். மற்றதெல்லாம் அவர் வெறும் கையால், மணலைக் கூட்டிக் குறைத்து அடித்தது. கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு அடித்தார்.

பதினொரு நாள் ஆயிற்று. நான் மேஜையில் உட்கார்ந்து வேறு வேலை பார்த்தாலும் வாய் தானாக எண்ணிக்கொண்டே இருக்கும். அவர் தார்ப்பாய்க்குள் நுழைந்தால் ஒன்று, இரண்டு. முதல் நாள் அறுபது வரை உள்ளே இருந்தார். நாலாம் நாள் நாற்பது. கடைசி நாட்களில் இருபத்தைந்துக்கே தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்து, முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பார். "இன்னாய்யா?" என்றால், "மாத்திரை பவரு மே" என்பார். நான் மாத்திரை அட்டையை எடுத்துப் பின்பக்கம் படித்துப் பார்ப்பேன். எண்ணத் தெரிந்தது. எண்ணியதைக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

உலைக்குப் போய் வந்து, கண்ணாடி மூன்றையும் அந்த ஹாலில் நிறுத்தினோம். மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து அதன் பின்னால் விழுந்தது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய் நின்றார். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் சோபாவில் உட்காரக் கூச்சப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் செய்ததிலேயே அதுதான் உசத்தி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பார்க்க இன்னொரு முறை அந்த வீட்டுக்குப் போக எனக்குத் தைரியமும் இல்லை.

ஆறு மாசம் முடிந்தது. மாத்திரை முடிந்தது. இருமல் முடியவில்லை. மாடிப்படி ஏற முடியாமல் போனதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. பழைய சீட்டையும் பழைய எக்ஸ்ரேயையும் புது எக்ஸ்ரேயையும் வாங்கி விளக்குப் பெட்டியில் மாட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு நுரையீரல் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் கண்ணாடி பார்க்கத் தெரியும். மணல் எங்கே லேசாக விழுந்தது, எங்கே அழுத்தி விழுந்தது என்று பதினாறு வருஷம் பார்த்த கண். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆர்ட்டிஸ்ட்னு போட்டிருக்கு. என்ன ஆர்ட்?" என்றார் டாக்டரம்மா.

"கண்ணாடில படம், மேடம்" என்றார் அவர்.

"எப்படிப் போடுவீங்க? செஞ்சு காட்டுங்க."

அவர் எழுந்து நின்றார். ஒரு மூச்சு இழுத்தார், அது பாதியில் இருமலாகப் போயிற்று. பிறகு இல்லாத குழாயை இரண்டு கையாலும் பிடித்து, இல்லாத கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி முகத்தைக் கொண்டுபோய், இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். "உஸ்ஸ்" என்று சத்தமும் கொடுத்தார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மணலா?"

"சலிச்ச மணல் மேடம். ஆனா நான் உள்ள மூச்சு வுடமாட்டேன். அடக்கிக்குவேன்."

"வெளியே வந்து?"

"வெளிய வந்து வுடுவேன்."

"உங்க துண்டு, உங்க தலை, உங்க சட்டை எல்லாம் அதே தூசியோடதானே வெளியே வந்தீங்க? கண்ணுக்குத் தெரியிற தூசி கீழே விழுந்துடும். தெரியாத தூசி மணிக்கணக்கா காத்துலயே நிக்கும். மூச்சை அடக்கி வச்சிருந்து விட்டா அடுத்த மூச்சு இன்னும் பெரிசாதான் இழுக்கும்." டாக்டரம்மா கோபமாகச் சொல்லவில்லை. சிலிகோசிஸ் என்று ஒரு பேரைச் சொன்னார். டிபி இல்லை, நுரையீரலில் தூசு தங்கி இறுகுவது, போன தூசு திரும்பி வராது, மருந்தும் கிடையாது என்றார். "இன்னியோட அந்த ஷெட் பக்கமே போகக் கூடாது. இதை முதல்லயே சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர்தான் நிறுத்தவில்லை, என் வீட்டுக்காரர். "இது சொல்லிச்சு மேடம், அப்பவே சொல்லிச்சு. ஆர்ட்டிஸ்ட்னு" என்றார். எனக்குப் பரிந்து பேசுகிறாராம். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு அன்று அது சந்தோஷமாக இல்லை.

ஷெட்டைக் காலி செய்தோம். வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வந்தது. கரன்ட் போனால் அது நின்றுவிடும். கரன்ட் வரும்வரை நான் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என்மேல் சாய்த்துக்கொள்வேன். அப்படி ஒரு மத்தியானம் கேட்டேவிட்டேன். "நான்தான் கோவத்துல சொல்லிட்டேன். அந்த டாக்டர் கேட்டப்போ நீயாவது சொல்லியிருக்கலாம் இல்லய்யா? மணல் அடிக்கிறேன்னு ஒரு வார்த்தை."

நாலு மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பதில் வந்தது. "நீ சொன்னது... நல்லா இருந்துச்சு மே. அதுக்கு முன்னாடி... என்னை யாரும் அப்படி... சொன்னது இல்ல."

தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் திரும்ப முடியாமல், கையை மட்டும் பின்னால் நீட்டி என் முட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில். அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும், வார்டில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மூச்சு இழுத்தார், விட்டார். அடுத்தது வரத் தாமதமானது. என் வாய் தானாக எண்ணியது. ஏழில் ஒன்று வந்தது. அடுத்தது பதினொன்றில் வந்தது. அதற்கடுத்து முப்பது எண்ணினேன், அறுபது எண்ணினேன். பக்கத்துக் கட்டில் அம்மா நர்ஸைக் கூப்பிட ஓடினார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நூற்று இருபது வரை எண்ணினேன். பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. நர்ஸ் வந்து என் கையை விலக்கினாள்.

டாக்டரம்மாவே இறப்புச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டு வந்தோம். குப்பத்திலிருந்து சனம் வந்தது. கோவிலம்பாக்கத்து ஷெட்டுகளிலிருந்து மணல் அடிக்கிறவர்கள் ஆறு பேர், வேலையைப் போட்டது போட்டபடி வந்திருந்தார்கள். தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு என்னைத் திருப்பி அழைத்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத்தோடு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், இறப்புச் சீட்டு என் பையிலேயே இருந்தது. சீட்டு இல்லாமல் அங்கே எரிக்க விடமாட்டார்கள். யார் தடுத்ததும் காதில் விழவில்லை. ஆட்டோ பிடித்து ஈரப் புடவையோடு போய் இறங்கினேன்.

சுடுகாட்டு வாசலில் சின்ன ஆபீஸ் அறை. அவர் அண்ணன் உள்ளே மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். ஆறு பேரும் அவர் பின்னால், கழுத்தில் துண்டோடு நின்றார்கள். வேலைக்கு வாயில் கட்டுகிற அதே துண்டுகள். எழுதுகிறவர் பெரிய நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"தொழில்?"

"ஆர்ட்டிஸ்ட்னு போடு சார். கிளாஸ் ஆர்ட்டிஸ்ட்" என்றார் அண்ணன். "என் தம்பி கண்ணாடில கடலையே கொண்டாந்து வச்சவன் சார்."

எழுதுகிறவர் அப்படியே எழுதினார். நான் உள்ளே போய்ச் சீட்டை மேஜைமேல் வைத்தேன்.

"அதை அடிங்க" என்றேன்.

"என்னம்மா?"

"ஆர்ட்டிஸ்ட்னு எழுதினதை அடிங்க. மணல் அடிக்கிற வேலைன்னு எழுதுங்க. கண்ணாடியில மணல் அடிக்கிற வேலை. பதினாறு வருஷம்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கடற்கரையில் விழுந்து விழுந்து சிரித்த மனுஷன், அந்த முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. "இன்னாமா நீ? நீ சொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சானே. போறவன் கைலர்ந்து அதையும் புடுங்கிறியா?"

"ஆமா மாமா. நான்தான் குடுத்தேன். நான்தான் புடுங்கணும்."

அவருக்கு நான் கொடுத்ததில் அவர் ஆசையாக வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதை எழுத்தில்கூட மிச்சம் வைக்காமல் அழிக்கிறேன், பாவி. ஆனால் ஆறு பேர் காதில் விழும்படி அன்றைக்கு நான் அதைச் சொல்லாமல் விட்டால், இன்னொரு கவுன்டரில் இன்னொரு பெண்டாட்டி இதையே சொல்வாள். எழுதுகிறவர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்கேலை வைத்து ஒரு கோடு கிழித்து, மேலே நான் சொன்னதை எழுதினார். நோட்டை என் பக்கம் திருப்பச் சொல்லிப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

வெளியே கட்டை அடுக்குகிற சத்தம் கேட்டது. ஆறு பேரில் ஒருவன், வண்டியில் ஆர்ட்டிஸ்ட் என்று எழுதி வைத்திருப்பவன், முன்னால் வந்து மேஜைமேல் இருந்த சீட்டைக் காட்டினான்.

"அக்கா, டாக்டரு அதுல இன்னா எழுதிக்கீறாங்க?"

இங்கிலீஷில் இருந்தது. கையில் எடுத்துத் தமிழில் சொன்னேன். மணல் தூசு நுரையீரலில் தங்கி இறுகியதால் மூச்சு நின்றது. வேலையினால் வந்தது.

மற்ற ஐந்து பேரும் மேஜைப் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

"இன்னொரு வாட்டி படிக்கா" என்றான்.

படித்தேன்.